பாய்லருக்கு வந்த மவுசு

அசன் முகம்மதுக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வியாபாரம். வாங்க வருகிறவர் செருப்பைக் கழற்றுகிற விதத்தை வைத்தே எந்த விலைக்குப் படிவார் என்று சொல்லிவிடுவார். அவருக்கும் பிடிபடாத ஒரே ஆள் மரியாமா.

மரியாமா மேற்கு ஆப்பிரிக்காவில் போர் ஓய்ந்த ஒரு நாட்டிலிருந்து வந்தவர். அங்கே பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஸ்டோர் அவர் பொறுப்பு. கட்டுத்துணியை இனி அவர்களே நெய்துகொள்ளட்டும் என்று மேலிடங்கள் முடிவு செய்ததால், தொழில் பழக ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். செலவை நம் அரசாங்கம் பார்த்துக்கொண்டது; அசன் தன் பட்டறையைத் திறந்துவிட்டார். ஊர் அவரை மாரியம்மா என்று கூப்பிட, அவரும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். தமிழும் கொஞ்சம் காதில் ஏறிவிட்டது.

வெளுப்புப் பட்டறைக்கு மேஸ்திரி வேல்பாண்டி, பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். முதல் பாடமாக, தறியிலிருந்து இறங்கிய காடாத் துணியை விரித்து ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார். சேம்பு இலையில் விழுந்ததுபோல் தண்ணீர் உருண்டு ஓடியது. பிறகு பாய்லர் ஆவியில் வேகவைத்து வெளுத்த துணியில் ஊற்றினார். விழுந்த தடம் தெரியாமல் துணி குடித்துக்கொண்டது.

"ரத்தமும் இப்படித்தான். வேகாத துணி குடிக்காது. அதைக் கட்டுறதுக்கு வாழை இலையைக் கட்டிட்டுப் போயிரலாம்" என்றார்.

மரியாமா அந்த ஈரத்துணியைக் கையில் எடுத்துக்கொண்டார். அப்புறம் அசனிடம் வந்து விஷயத்தைச் சொன்னார். அவர் நாட்டுக்கு உதவி செய்ய மூன்று பேர் போட்டி போடுகிறார்கள்: ஒரு தூதரகம், ஒரு வங்கி, ஒரு தர்ம சங்கம். மூவரும் தருவது தறி. பாய்லர் தர ஆளில்லை.

"கேட்டுப் பார்த்தீங்களா?"

"ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டேன். குறித்துக்கொண்டோம் என்கிறார்கள்."

அசனுக்குச் சட்டென்று விளங்கியது. தறி என்றால் படம் பிடிக்கலாம். ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள், வெள்ளையாகத் துணி வரும், தலைக்கு மேலே கொடுத்தவர் பெயர் இருக்கும். பாய்லர் கரி பிடித்து மூலையில் நிற்கும். அதன் பக்கத்தில் நின்று யார் சிரிப்பது? கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் சுவர்க்கடிகாரம் கொடுத்துவிட்டு, சோறு பொங்க அண்டா இல்லாமல் போன கதைதான்.

"நீங்க கேட்டதுதான் தப்பு" என்றார். "கேட்டு வாங்குற பொருளுக்கு மதிப்பில்ல. பாய்லரை வேற ஒருத்தர் தாரேன்னு சொல்லிட்டாருன்னு சொல்லுங்க. பொறவு பாருங்க கூத்தை."

"இல்லாததை இருக்கிறது என்று சொல்லச் சொல்கிறீர்களா?"

"யாவாரத்துல அதுக்கு அந்தப் பேரு கிடையாது."

"சண்டை நடந்தபோது என் ஸ்டோரில் கட்டுத்துணி இருக்கிறது என்று தலைநகரில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், மிஸ்டர் அசன். அதனால் யாரும் அனுப்பவில்லை. படுக்கை விரிப்புகளைக் கிழித்துக் கட்டினேன். கடைசியில் கிழிக்கவும் எதுவும் இல்லை. பாய்லர் இல்லாமல் போனால் மறுபடியும் அதுதான். ஆனால் பொய் சொல்ல மாட்டேன்."

அசன் வாயை மூடிக்கொண்டார். அன்றைக்கு மட்டும்.

பயிற்சி முடிவு விழாவுக்கு மூன்று பிரதிநிதிகளும் முதல் நாளே வந்து இறங்கினார்கள். தூதரகத்துக்கு ஒரு நெட்டை மனிதர், வங்கிக்குக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், சங்கத்துக்கு ஒரு தாடிக்காரர். காலையில் பட்டறையைச் சுற்றிப் பார்த்து, ஆளாளுக்குத் தறியின் பெருமை பேசினார்கள். வந்த விருந்தாளியை ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தை அண்ணாந்து பார்க்க வைத்து, பால்கோவா வாங்கிக் கொடுக்காமல் அனுப்பினால் ஊர் ஏசும். மரியாமா மேடைப் பேச்சைத் தயார் செய்ய இருந்துவிட்டார். அசன் மூவரையும் வேனில் ஏற்றினார்.

அசனின் இங்கிலீஷ் ஏற்றுமதிக்காரர்களிடம் பழகியது. இலக்கணம் குறைவு, வேலைக்குப் பழுதில்லை. பால்கோவாக் கடை வாசலில் நெட்டையரைத் தனியாக ஒதுக்கினார்.

"உங்க தறி ரொம்ப நல்ல தறி. பாய்லர் பேச்சை மட்டும் எடுத்துராதீங்க. அதை ஒருத்தர் கேட்டு வச்சிருக்காரு."

"யார்?"

அசன், இலையை வழித்துக்கொண்டிருந்த மற்ற இருவர் பக்கம் லேசாகப் பார்த்தார். பார்ப்பது பொய்யில் சேராது என்பது அவர் கட்சி.

"பாய்லரில் அப்படி என்ன இருக்கிறது?"

"ஒண்ணுமில்ல. அது பத்தினாத்தான் மத்த வேலை நடக்கும். வாசல்ல முதல் போர்டு அதுக்குத்தான் வைப்பாங்க. அம்புட்டுத்தான்."

இதே சேதியை அம்மாளிடம் ஒரு தரமும், தாடிக்காரரிடம் ஒரு தரமும் சொன்னார். வேன் ஓட்ட வந்த வேல்பாண்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, மூணு பேருக்கும் ஒரே பாட்டா?"

"ஏலே, ஒருத்தராவது விழுவாங்கல்லா."

"மூணு பேரும் விழுந்தா?"

"கடைக்கு வந்த மூணு பேரும் ஒரே சேலையை எடுத்து நான் பார்த்ததில்ல" என்றார் அசன்.

மறுநாள் கல்யாண மண்டபத்தில் விழா. நெட்டையர் எழுந்து, ஆழ்ந்த பரிசீலனைக்குப் பின் தறிக்குப் பதிலாகப் பாய்லர் தருவதென்று தூதரகம் முடிவெடுத்திருப்பதாக அறிவித்தார். கைதட்டல். அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்தார். வங்கியும் தறியைக் கைவிட்டுப் பாய்லர் தருகிறது, அதைவிடப் பெரியது. தாடிக்காரர் பாய்லர் என்று சொன்னபோது கைதட்டல் கொஞ்சம் குறைந்திருந்தது.

மூன்று பாய்லர். தறி ஒன்றுகூட இல்லை. உலை கொதிக்கும், போட அரிசி இருக்காது.

மரியாமா அசனைப் பார்த்தார். அசன் மண்டபத்து மின்விசிறியைப் பார்த்தார்.

மரியாமா மைக்கைப் பிடித்தார். "எனக்கு ஒரு பாய்லர் போதும். இரண்டைத் திருப்பித் தருகிறேன்."

கொடுக்கத் தெரிந்த அந்த மூவருக்கும் திரும்ப வாங்கிப் பழக்கமில்லை.

"வேறு யாரோ பாய்லர் தருவதாக உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால் அது உண்மையில்லை. நான் கேட்டும் யாரும் தரவில்லை. முதலில் அறிவித்த தூதரகம் பாய்லர் தரட்டும். வங்கி பழையபடி தறி தரட்டும். அந்தத் தறிகளே எங்களுக்குப் போதும்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு மூவரும் அசனைப் பார்த்தார்கள். கோபித்துக்கொண்டு எழுந்து போகலாம். ஆனால் எதிரே உள்ளூர் நிருபர்கள் செல்போனை நீட்டிக்கொண்டிருந்தார்கள். நெட்டையர் முதலில் தலையாட்டினார். அம்மாளும் ஆட்டினார்.

"அப்படியானால் எங்கள் சங்கம்?" என்றார் தாடிக்காரர்.

"ஆள் தாருங்கள். பாய்லர் ஓட்ட என் ஆட்கள் இப்போதுதான் பழகியிருக்கிறார்கள். ஒரு வருடம் கூட நின்று ஓட்ட ஒருவர் வேண்டும். மிஸ்டர் வேல்பாண்டி."

அசனின் பார்வை மின்விசிறியிலிருந்து இறங்கியது. அவர் மேடைக்கே போய்விட்டார்.

"மாரியம்மா, அவன் இல்லாம என் பட்டறை படுத்துரும்."

மரியாமா மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். "நேற்றுக் காலை இவர்கள் மூவரும் தறி என்றார்கள். இன்று பாய்லர் என்கிறார்கள். நடுவில் பால்கோவா மட்டும்தான் நடந்திருக்கிறது. அதைப் பற்றி இந்த மைக்கில் கேட்கட்டுமா?"

ஆயுள் முழுக்கப் பேரம் பேசியவர் அசன். விலை படிந்துவிட்டது அவருக்குத் தெரிந்தது.

"ஆறு மாசமா குறைச்சுக்கிடுங்க."

"ஒரு வருடம்."

அசன் கீழே பார்த்துக் கேட்டார். "ஏலே வேல்பாண்டி, போறியா?"

"அங்க சோறு கெடைக்குமா?"

"மூன்று வேளையும் சோறுதான்" என்றார் மரியாமா.

"அப்பப் போறேன். வீட்டுல மட்டும் நீங்க சொல்லிருங்க மொதலாளி."

தாடிக்காரருக்கு மட்டும் முகம் தெளியவில்லை. பாய்லரில் பெயர் பொறிக்கலாம், தறியில் பொறிக்கலாம், ஆள் மேல் எங்கே பொறிப்பது என்று கேட்டார். அசன் அதை மொழிபெயர்த்துச் சொன்னார்.

வேல்பாண்டி மேடையேறி வந்து திரும்பி நின்றார். "பட்டாளத்துல நெஞ்சுல எழுதியிருந்தாங்க. முதுகு சும்மாத்தான கெடக்கு."

தாடிக்காரர் எழுந்து வந்து அந்த முதுகைச் சாண் போட்டு அளந்து பார்த்தார். சங்கத்தின் பெயர் கொஞ்சம் நீளம், இரண்டு வரியாகப் போட்டால் அடங்கும் என்றார்.