வேலிக் கதவும் ஒரு மன்னிப்பும்

கார்ப் பந்தயத்தில் வறண்ட ஓடையைத் தாண்டும்போது, வண்டி ஓட்டிய நெவில் வழி சொல்லும் என்னை, "வரைபடத்தத் தலைகீழாப் பிடிக்கிறவ" என்றான். வரைபடம் நேராகத்தான் இருந்தது. ஓடைதான் இடம் மாறியிருந்தது. அவன் மன்னிப்புக் கேட்கும்வரை வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. பந்தயமெல்லாம் எனக்கு அதற்குப் பிறகுதான்.

வழியைக் கையால் காட்டினேன். அவன் என் பக்கம் திரும்பவேயில்லை.

பண்ணை வேலி வந்தால் ஓட்டுபவருக்குப் பக்கத்தில் இருப்பவர் இறங்கிக் கதவைத் திறந்து, வண்டி போனதும் மூட வேண்டும். பந்தயமே ஆனாலும் சரி, மூடாமல் போகிறவனை எங்கள் பக்கம் யாரும் மனிதனாகவே மதிப்பதில்லை. கொண்டியை மாட்டிவிட்டுத் திரும்பினேன். செம்புழுதி மட்டும் நின்றது. இருக்கையின் தலைப்பக்கம் மாட்டியிருந்த என் தொப்பியை அவன் நானென்று நினைத்திருக்க வேண்டும்.

பின்னால் வந்த வண்டிகளுக்கெல்லாம் கதவு திறந்துவிட்டேன். பண்ணைக்காரி என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில் எங்கள் பழைய போட்டியாளர் மர்லீன் வந்தாள்.

"என்னடி, இங்க வேலைக்குச் சேந்துட்டியா?"

"விட்டுட்டுப் போயிட்டான்."

"ஏறு. பின்னாடி மாத்து டயர் மேல உக்காந்துக்க."

சோதனைச் சாவடியில் நெவில் அதிகாரியுடன் மல்லுக்கு நின்றான்.

"ரெண்டு பேரும் வேணும் சார். தொப்பிக்கு முத்திரை போட முடியாது" என்றார் அதிகாரி.

என்னைப் பார்த்ததும் நெவிலின் முகம் சுருங்கியது. "அப்ப வழியெல்லாம் நான் மன்னிப்புக் கேட்டது யார்கிட்ட?"

"திருப்பிச் சொல்லு."

"சொல்லியாச்சு. தொப்பியக் கேளு."

நான் இல்லாதபோதுதான் அவனால் என்னிடம் பேச முடிகிறதோ? தொப்பியின் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அடுத்த வேலியில், "கால் வலிக்குது" என்றேன். அவன் இறங்கித் திறந்தான். நான் ஸ்டியரிங் பக்கம் நகர்ந்து வண்டியை உள்ளே ஓட்டினேன். அவன் வேலியை மூடிவிட்டு வந்து வண்டிக் கதவின் கைப்பிடியைத் தொட்டபோது கொஞ்சம் முன்னே நகர்த்தினேன். வந்தான், மறுபடி நகர்த்தினேன்.

"ஜாய்ஸ், வெளையாடாதே."

வேலிக்கு அப்பால் மர்லீனின் ஹாரன் அலறியது. "நெவில், சீக்கிரம் சொல்லித் தொலையேன்!"

இரண்டு மாடுகள் தலை நிமிர்ந்தன. அவன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு, "மன்னிச்சிரு. வரைபடம் நேராத்தான் இருந்துச்சு" என்றான்.

"கேக்கல."

சத்தமாகச் சொன்னான். மர்லீன் வேலியைக் கடந்து எங்களை முந்திக்கொண்டு போனாள். போகட்டும் என்று நெவிலுக்கு வண்டிக் கதவைத் திறந்துவிட்டேன்.