சிவனேஸ்வரியின் புருவத் தழும்பு

சண்முகராசாவின் தங்கை சிவனேஸ்வரிக்கு ஒரு படம்கூட மிஞ்சவில்லை. முள்ளிவாய்க்காலில் அவளும் போனாள், ஆல்பங்கள் இருந்த பையும் போனது. அதனால்தான் ஓவியக் கல்லூரியில் படிக்கிற அவர் மகள் லக்‌ஷிகா, மாமியின் முகத்தைச் சொன்னால் வரைகிறேன் என்றபோது மனிதர் உருகிப் போனார். வேலைக் களைப்போடு மாலை மாலையாக லண்டன் இல்ஃபோர்ட் வீட்டுக் குசினி மேசையில் உட்கார்ந்து சொன்னார். மூக்கு கொஞ்சம் தடிப்பு. வலது புருவத்தை இரண்டாகப் பிளந்த ஒரு தழும்பு. அழித்து அழித்து வரைந்ததில் ஒருநாள் அவளே தாளில் வந்துவிட்டாள். சாமிப் படத் தட்டில் இடம் ஒதுக்கிவிட்டுக் காத்திருந்தார். படம் வரவில்லை. மகளின் கண்காட்சிக்கு அழைப்புத்தான் வந்தது.

அங்கே வைன் கிளாசும் கையுமாக நின்று சனம் உலக அழிவை ரசித்துக்கொண்டிருந்தது. ஐந்நூறு வருடத்துக்கு முந்திய ஜெர்மன்காரர்களின் பாணியில், லக்‌ஷிகா மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த பெரிய படம். பைபிளின் கடைசியில் வருகிற நான்கு குதிரைக்காரர்கள் பாய்கிறார்கள், கீழே மனிதர்கள் மிதிபடுகிறார்கள். முன்னால் கிடந்தவள் சிவனேஸ்வரி. கன்னத்தில் குளம்பு.

பெற்ற மகளுக்கு இப்படியும் ஒரு கல்நெஞ்சா? ஆனாலும் அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்தது. தழும்பு இடது புருவத்தில் இருந்தது.

“இது அவள் இல்லைப் பிள்ளை. தழும்பு மற்றப் பக்கம்.”

“அவதான் அப்பா. அச்சடிச்சால் பக்கம் மாறும். கட்டையில சரியாத்தான் இருக்கு.”

வரைந்ததைத் திருப்பிப் போட்டுச் செதுக்கியிருந்தால் அச்சிலும் சரியாக வந்திருக்கும். மாமியை இங்கே யாருக்குத் தெரியப்போகிறது என்று அவள் மெனக்கெடவில்லை.

அப்படியென்றால் அந்தக் கட்டையைத் தா, முகத்தை மட்டும் அறுத்தெடுத்துக் கும்பிடுகிறேன் என்று அத்தனை பேர் நடுவிலும் கெஞ்சினார்.

“ஏலாது அப்பா. இத்தனை பிரதி எண்டு கணக்கா அடிச்சு முடிஞ்சால் கட்டையை வெட்டிப் பழுதாக்க வேணும், பிறகு ஒருத்தரும் அடிக்காமல். நேற்று வெட்டிட்டன்.”

“எங்கை வெட்டினனீ?”

“முகத்திலதான். எல்லாரும் அதைத்தானே பாக்கினம்.”

கோபப்பட வேண்டாம் என்று சொல்லி ஒரு பிரதியைச் சுருட்டிக் கையில் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கண்ணாடி முன் அதை விரித்துப் பிடித்தார். தழும்பு வலது புருவத்துக்கு வந்தது. தங்கை தங்கையாகவே பார்த்தாள். குளம்பைக் கையால் மறைத்தார். கன்னமும் வாயும் சேர்ந்தே மறைந்துபோயின. கையை எடுத்துவிட்டு, மிதிபட்டபடி கிடந்தவளிடம் சொன்னார்:

“பொறுத்துக்கொள் தங்கச்சி. என்னட்டை வேற முகம் இல்லை.”