மிராண்டோ சங்கத்தின் புள்ளிவிவரம்

மாணிக்கவேலின் விசிட்டிங் கார்டில் உள்ள எழுத்துகளை ஒரே வரியில் அடித்தால் அவருடைய காரைவிட நீளமாக வரும். முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர், தென்னேரி ஏரிப் பாசன விவசாயிகள் சங்க முன்னாள் துணைச் செயலாளர், இன்னும் இரண்டு முன்னாள்கள். எல்லாவற்றுக்கும் கீழே தங்க எழுத்தில், 'நிறுவனர் – தலைவர், காஞ்சி மாவட்ட மிராண்டோ ஸ்போர்ட்ஸ் கார் உரிமையாளர்கள் நலச் சங்கம்'.

சங்கத்தில் மூன்று உறுப்பினர்கள். கார் வைத்திருந்தவர்கள் இரண்டு பேர். மூன்றாவது ஆள் மெக்கானிக் வேல்முருகன், பொருளாளர். சங்கத்திடம் பொருள் எதுவும் இல்லை என்பதால் அவரைவிட நாணயமான பொருளாளர் கிடைக்க வாய்ப்பில்லை.

மிராண்டோ என்றால் இரண்டே சீட்டு, மடக்குகிற துணிக் கூரை, தரையைத் தொட்டும் தொடாமலும் போகிற உயரம். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் ஒரு கம்பெனி அதைச் செய்தது. மூன்று வருஷத்தில் கம்பெனியே இல்லாமல் போயிற்று. அதற்குள் மாணிக்கவேல் தென்னேரிப் பக்கம் நிலத்தை விற்ற கையோடு சிவப்பில் ஒன்று வாங்கிவிட்டார். அதே மாதம் வாலாஜாபாத் டாக்டர் ஜெபகுமார் நீலத்தில் ஒன்று வாங்கினார். மாவட்டத்திலேயே அந்த இரண்டுதான்.

தனியார் காருக்குப் பதினைந்தாம் வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும். வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதா என்று பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அதற்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை. முதல் தடவை வந்தபோதே இரண்டு வண்டிக்கும் முன்பக்க பிரேக் டிஸ்க் தேய்ந்து அப்பளமாகிவிட்டிருந்தது. மாற்று சாமான் இந்தியாவில் எங்கும் கிடையாது. மாணிக்கவேலின் மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து வரும்போது, பழைய இரும்புக் கடை ஒன்றில் பிடித்த ஒரே ஒரு ஜோடியை, சாக்லேட் பெட்டிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த ஒரு ஜோடியை வைத்துக்கொண்டுதான் மிராண்டோவின் மானம் காப்பாற்றப்பட்டது. செவ்வாய்க்கிழமை சிவப்பு வண்டியில் மாட்டிக் காட்டினார்கள், பாஸ். புதன் கழற்றி நீல வண்டியில் மாட்டி, வியாழன் காட்டினார்கள், பாஸ். வெள்ளிக்கிழமை டிஸ்க் சிவப்பு வண்டிக்கே வீடு திரும்பியது. நீல வண்டிக்குப் பழைய டிஸ்க்கும், வேறு ஏதோ காரின் பிரேக் பேடை அரத்தால் தேய்த்துப் பொருத்தியதும். ஐந்து வருஷம் கழித்து மறுபடியும் அதே செவ்வாய், அதே வியாழன். நான்கு சோதனை, நான்கு தேர்ச்சி. முதல் தடவை பாஸானதுமே சங்கத்தின் லெட்டர்பேடில் 'மிராண்டோவின் நம்பகத்தன்மை 100%' என்று அச்சடித்து, இரண்டு பக்கமும் நெற்கதிர் படம் போட்டு, மாணிக்கவேல் தன் கூடத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். தேர்ச்சியெல்லாம் ஒரே ஜோடி டிஸ்க்கினுடையது என்று குறிப்பிட அதில் இடம் போதவில்லை.

அந்தச் சட்டத்தைப் பார்த்துத்தான் பஞ்சாட்சரம் நீல வண்டியை வாங்கினார். டாக்டர் மகளோடு கனடா போகிறார், வண்டியை விற்கிறார் என்று சொன்னதும் மாணிக்கவேல்தான். அந்த இரண்டாவது சோதனைக்கு ஒரு மாதம் முன்பு நடந்த விஷயம் இது.

பஞ்சாட்சரம் பிள்ளையார்பாளையத்துக்காரர். நான்கு தறி ஓட்டுகிற பட்டு நெசவுக் குடும்பம். மாணிக்கவேலோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. தன் சேலை ஒவ்வொன்றின் ஜரிகையையும் மிஷினில் சோதித்து, அந்தச் சீட்டை மடிப்போடு வைத்துக் கொடுக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஒரு தடவை சீட்டில் வெள்ளி அளவு குறைவாக வந்ததற்காக, முகூர்த்தத்துக்கு நான்கு நாள் இருக்கையில் சேலையைத் தர மறுத்துத் திட்டு வாங்கியவர். மிஷின் சொன்னால் அவருக்கு அதுவே தெய்வவாக்கு.

"பேப்பர் கீதா மாணிக்கம்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நூறு பர்சன்ட் பேப்பர் கீதுபா. எஃப்.சி.ய நீ கண்டுக்காத. வண்டிய ஒரு மூணு நாளைக்கு எங்கிட்ட உடு, காட்டிட்டு உன் வாசல்ல நிறுத்துறேன்."

"பிரேக்கு நல்லா பிடிக்குமா?"

"மிராண்டோ பிரேக்குபா அது. சத்தியமா பிடிக்கும்."

சொன்னபடி வண்டியை வாசலில் நிறுத்தவும் செய்தார். எஃப்.சி. பேப்பரைப் பஞ்சாட்சரம் ஜரிகைச் சீட்டுகள் இருந்த அதே ஃபைலில் வைத்துக்கொண்டார்.

அந்த வண்டியில் அவரும் மனைவி காமாட்சியம்மாளும் போன இடம் பெரும்பாலும் ஒன்றுதான். அமாவாசைக்கு அமாவாசை திருப்புட்குழி. வறுத்த பயறை ஊறவைத்து மடியில் கட்டிக்கொண்டு படுத்தால் முளைக்கும், முளைத்தால் பிள்ளை பிறக்கும் என்று பெண்கள் போகிற கோயில் அது. காமாட்சியம்மாள் இள வயதில் மூன்று தடவை பஸ்ஸில் போய்க் கட்டிக்கொண்டாள். முளைக்கவில்லை. இப்போது எதையும் கேட்கப் போவதில்லை. சும்மா போய்க் குளத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

"ரெண்டு சீட்டு வண்டிய வெச்சிக்கினு இன்னாமா பண்ணுவ?" என்று மாணிக்கவேல் ஒரு நாள் கேலியாகக் கேட்டார்.

"எங்களுக்கு ரெண்டு போதுங்கண்ணே. பின்னாடி சீட்டு இருந்தா, காலியாவே வந்துக்கினு இருக்கும்" என்றாள் அவள்.

மாணிக்கவேல் வண்டியின் துணிக் கூரையை மடக்கிக் கொடுத்தார்.

இந்த வருஷம் மூன்றாவது சோதனை. தேதி எடுப்பதெல்லாம் இப்போது ஆன்லைனில். ஒரு நாள் காலை வேல்முருகன் கிரீஸ் கையோடு வந்து நின்றார்.

"தலைவரே, ரெண்டு வண்டிக்கும் ஒரே நாள் விழுந்துட்ச்சி. வர்ற புதன்கெழம பத்து மணிக்கு உங்க வண்டி, பத்தரைக்கு பஞ்சாட்சரம் அண்ணன் வண்டி. டிஸ்க்க கழட்டி மாட்ட எனக்கு மூணு மணி நேரம் ஆவும். அரை மணில மாட்ட நான் இன்னா மாயமா பண்ணுவேன்?"

"அவன் வண்டிக்கு வேற தேதி போடு."

"அவரே செல்லுல எடுத்துட்டாரு. ஓ.டி.பி. அவருக்குத்தான் போவும், அவரேதான் நேர்ல வரணும். மாத்துன்னா ஏன்னு கேப்பாரு. சொல்றீங்களா?"

மாணிக்கவேல் சுவரைப் பார்த்தார்.

"இல்லாட்டி உங்க வண்டிய தள்ளிப்போடுங்க. மூணு வாரம் கழிச்சு தேதி கீது. டிஸ்க்க அவரு வண்டில மாட்டிட்லாம்."

"ஞாயித்துக்கெழம?"

ஞாயிற்றுக்கிழமைதான் விஷயம். ஊரில் பாரம்பரிய வாகன அணிவகுப்பு. முதல் வண்டி மாணிக்கவேலுடையது. எஃப்.சி. இல்லாத வண்டியை வரிசையில் சேர்க்க மாட்டோம் என்று விழாக் குழு கறாராகச் சொல்லியிருந்தது. 'மிராண்டோ நாயகரே வருக' என்று மூங்கில் மண்டபம் முனையில் ஃபிளெக்ஸ் கட்டியாகிவிட்டது. ஃபிளெக்ஸில் இருந்தது பத்து வருஷத்துக்கு முந்தைய போட்டோ. தலையில் முடி இருந்த காலம்.

"அவன் வண்டியும் நல்ல வண்டிதான்பா" என்றார் கடைசியில். "ஊர்ல கொஞ்சமா ஓட்றான். அதுவாவே பாஸ் ஆயிடும். ரெக்கார்டு இன்னா சொல்து? இதுவர ஃபெயிலானதே இல்ல."

வேல்முருகன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் விட்ட கதையைத் தானே நம்புவதற்கு ஒரு மனிதனுக்குப் பத்து வருஷமும் ஒரு கண்ணாடிச் சட்டமும் போதும் போலிருக்கிறது.

"அந்த டிஸ்க்கு எனக்குத் தெரியும் தலைவரே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை பத்து மணிக்குச் சிவப்பு வண்டி சோதனை மையத்தின் உருளைகள் மேல் ஏறியது. முன்போல இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்து மைதானத்தில் ஒரு தடவை மிதித்துப் பார்க்கிற சோதனை இல்லை இப்போது. ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பிடிக்கிறது என்று மிஷினே எண் காட்டும். எண்கள் பிரமாதமாக வந்தன. மாணிக்கவேல் இறங்கி மிஷினோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

பத்தரைக்கு நீல வண்டி. காமாட்சியம்மாளும் வந்திருந்தாள், முடிந்ததும் அப்படியே சரவண பவனோ எதுவோ ஒரு டிபன் என்று ஏற்பாடு. மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு, மடியில் அந்த ஃபைலோடு மர நிழலில் உட்கார்ந்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் சந்தியா, முப்பது வயதுப் பெண், திரையை இரண்டு தடவை பார்த்தார். இன்னொரு முறை மிதிக்கச் சொன்னார். பிறகு குனிந்து டார்ச் அடித்துச் சக்கரத்துக்குள் பார்த்தார்.

"சார், இந்த வண்டிய இங்க வரைக்கும் ஓட்டிக்கிட்டா வந்தீங்க?"

"ஆமாமா. ஏன்?"

"இடது சக்கரம் பிடிக்கவே இல்ல. வலது பக்கம் பேருக்குப் பிடிக்குது. டிஸ்க் எப்ப மாத்துனீங்க?"

"மாத்தவே இல்லியேமா. போன எஃப்.சி.ல இருந்த அதேதான்."

"இருக்காது சார். இது தேஞ்சு பத்து வருஷத்துக்கு மேல ஆகுது. போன தடவ பிரேக் நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்க. இந்த டிஸ்க்க வெச்சு அப்படி எழுதியிருக்க முடியாது."

பஞ்சாட்சரம் ஃபைலைக் கொண்டுவரச் சொல்லிப் பேப்பரை எடுத்துக் காட்டினார். சீட்டு இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, சரக்கு வேறாக இருக்கிறது. இந்த வகைத் தப்பு அவருக்குப் புதிதில்லை, தொழிலில் பார்த்திருக்கிறார். மெதுவாகத் திரும்பி, ஓரமாக நின்ற சிவப்பு வண்டியின் முன்சக்கரத்தைப் பார்த்தார். கம்பிகளுக்கு நடுவே டிஸ்க் பளபளத்தது.

"வேலு" என்றார். "அன்னிக்கி இன்னாடா பண்ணீங்க?"

வேல்முருகனுக்குப் பொய் சொல்ல வராது. அதனால்தான் தொழிலில் முன்னேறவில்லை. "அன்னிக்கி ஒரு நாளைக்கி மட்டும் இத மாட்டுனோம்ணே. காட்டிட்டு கழட்டிட்டோம்."

"பஞ்சு, நான் இன்னா சொல்றேன்னா..." என்று மாணிக்கவேல் முன்னால் வந்தார். "சாமான் கெடைக்கல. வண்டிய வாங்குன்னு சொன்னது நானு. பேரு கெட்டுடுமேன்னு... இப்பவே கழட்டி உனக்கே மாட்டச் சொல்றேன்."

"ஒரு நாளைக்கா, ரெண்டு நாளைக்கா?" என்றார் பஞ்சாட்சரம்.

காமாட்சியம்மாள் எழுந்து வந்திருந்தாள். அவள் மாணிக்கவேலைப் பார்க்கவில்லை, கணவனிடம்தான் பேசினாள்.

"மேம்பாலத்து எறக்கத்துல லாரி குறுக்க வந்திச்சே, ஞாபகம் கீதா? ஒரு சாண் இருக்கிறப்போ நின்னுச்சே. சாமிதான் காப்பாத்திச்சின்னு நேரா இவுரு வீட்டுக்குத்தான் போனோம். 'சாமி இல்லமா, மிராண்டோ பிரேக்கு'ன்னாரு."

சொன்னது மாணிக்கவேலுக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று அந்த வாக்கியம் எடுபட்டதால் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருந்தார். மூன்று பேர் குழுவில் இரண்டு பேர் கைதட்டியிருந்தார்கள். தட்டியவர்களில் ஒருவர் பஞ்சாட்சரம்.

அவர்கள் டிபனுக்குப் போகவில்லை. ஒரு ஷேர் ஆட்டோ பிடித்துப் போனார்கள். டிஸ்க் எங்கும் கிடைக்காது, எஃப்.சி. தேதி முடிகிறது என்றதும் பஞ்சாட்சரம் யாரையும் கேட்காமல் நீல வண்டியை உடைக்கிற இடத்துக்கு அனுப்பிவிட்டார் என்று சனிக்கிழமை வேல்முருகன் வந்து சொன்னார். கூடவே பொருளாளர் பதவியை ராஜினாமா செய்வதாகவும் சொன்னார். எழுத்து மூலமாகத் தர வேண்டும் என்று விதி இருப்பதாக மாணிக்கவேல் ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அணிவகுப்பு நடந்தது. முதல் வண்டி அவருடையதுதான். காந்தி ரோட்டில் மாலையும் கழுத்துமாகக் கையசைத்துக்கொண்டு போனார். மைக்கில் ஒருவர், "சோதனைக்குப் போன ஐந்து முறையும் வெற்றி கண்ட மிராண்டோ!" என்று முழங்கினார். போனது ஆறு முறை, வென்றது ஐந்து என்று அவரைத் திருத்தலாம். மாணிக்கவேல் வாய் திறந்தார். யாரோ பொன்னாடை போர்த்தினார்கள். வாயை மூடிக்கொண்டார். பக்கத்து சீட்டில் கழற்றிய மாலைகள் ஏறிக்கொண்டே போயின.

வீட்டுக்கு வந்து சுவரிலிருந்த சட்டத்தைக் கழற்றினார். அதற்குப் பின்னால் சுவர் புதிதாக, வெள்ளையாக இருந்தது. அந்தச் சதுரம் கூடத்துக்குள் வருகிற எல்லோர் கண்ணிலும் முதலில் பட்டது. "இங்க இன்னா இருந்துச்சு?" என்று கேட்காதவர் இல்லை.

அடுத்த அமாவாசை அன்று காலையிலேயே திருப்புட்குழிக்குப் பிரிகிற இடத்தில் சிவப்பு வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். பக்கத்து சீட்டில் ஒரு பஞ்சு மெத்தை போட்டிருந்தார். காமாட்சியம்மாளுக்கு முழங்கால் வலி, இவ்வளவு தாழ்வான வண்டியில் உட்கார்ந்து எழ முடியாது என்று எப்போதோ கேட்டது. வாங்கின கடையின் விலைச் சீட்டு இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒன்பதரை மணி பஸ்ஸில் இருவரும் இறங்கினார்கள். மாணிக்கவேல் எதிரே போய் நின்றார். சாவியை நீட்டினார்.

"பஞ்சு, இந்தா. ரெண்டு பேரும் எடுத்துக்கினு போங்க. உள்ள நடக்கணுமே. நான் பஸ்ல திரும்பிக்கிறேன். இனிமே இது உங்க வண்டி."

பஞ்சாட்சரம் சாவியைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். மெத்தையையும் பார்த்தார். கோபமே இல்லாமல் கேட்டார்.

"பிரேக்கு பிடிக்குமா?"

"பிடிக்கும் பஞ்சு. சத்தியமா பிடிக்கும்."

அது உண்மை. மிராண்டோவைப் பற்றி அவர் பஞ்சாட்சரத்திடம் சொன்ன முதல் முழு உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

"அப்பவும் இதேதான் சொன்ன" என்றார் பஞ்சாட்சரம்.

காமாட்சியம்மாள் குடையை விரித்தாள். "வரோங்க" என்றாள். பின்னால் 'அண்ணே' வரும் என்று மாணிக்கவேல் ஒரு கணம் காத்திருந்தார். வரவில்லை. ஒரே குடைக்குள் இருவரும் கோயில் ரோட்டில் நடந்தார்கள். அவளுக்கு வலது கால் சற்று இழுத்தது. அவர் அதற்கேற்ப மெதுவாக நடந்தார்.

குடை வளைவில் மறையும் வரை மாணிக்கவேல் அங்கேயே நின்றார். பிறகு வண்டியில் ஏறி, மெத்தையைப் பக்கத்து சீட்டிலேயே விட்டு, ஊரைப் பார்க்கத் திருப்பினார். மேம்பாலத்து இறக்கத்தில் ஒரு லாரி மெதுவாகக் குறுக்கே வந்தது. லேசாகத்தான் மிதித்தார். வண்டி பத்தடி முன்னாலேயே, சத்தமில்லாமல் நின்றது.