ஒரு சொட்டு மின்சாரம்

ஒரு நாட்டையே டார்ச் லைட் பேட்டரியை வைத்துத் தட்டி எழுப்பியவர் உலகத்திலேயே தாம் ஒருவர்தான் என்று அணைக்காரர் சொல்லுவார். கல்யாண வீடோ, கண் ஆஸ்பத்திரி வரிசையோ, கேட்க இரண்டு காது கிடைத்தால் போதும்.

நீர்மின் நிலையத்தில் முப்பத்தாறு வருஷம் ஆபரேட்டராக இருந்தவர். அவர் கதையில் ஒரே ஒரு சிக்கல், வருஷம் ஏற ஏற பேட்டரி இளைத்துக்கொண்டே வந்தது. வேலையில் இருந்தவரை அது லாரி பேட்டரி. ஓய்வு பெற்ற அன்று கார் பேட்டரி ஆயிற்று. மூட்டுவலி வந்த வருஷம் மோட்டார் சைக்கிளுக்கு இறங்கியது. இப்போது டார்ச் லைட்டில் வந்து நிற்கிறது. மனுஷன் இன்னும் பத்து வருஷம் நன்றாக இருந்தால் கைக்கடிகாரத்துக்குள் போய்விடும்.

"மாப்பிள்ளை, காதுல பூ சுத்தறதுக்கும் ஒரு அளவு இருக்கு. நீ தோட்டத்தையே சுத்துறே" என்பார் கரிமாமா. அணைக்காரருடைய மனைவிக்கு அண்ணன். நிலக்கரி மின் நிலையத்தில் ஷிப்ட் இன்ஜினீயராக இருந்தவர். அவர் சட்டைக் காலரைத் துவைத்துத் துவைத்தே தன் ஆயுளில் பாதி போயிற்று என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லுவாள்.

அந்தப் பழைய கதைக்குத்தான் இப்போது விசாரணை வந்திருந்தது. நீர்மின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையைக் காட்சிக்கூடமாக மாற்றுகிறார்கள். சுவரில் மாட்டப் போகும் பலகைகளை எழுதும் பொறுப்பு அணைக்காரரின் மகளிடம் வந்தது. அவள் சூரியமின் நிலையத்தில் இன்ஜினீயர். மேகம் வந்தால் மூட்டை கட்டும் நிலையம் என்று அப்பாவும் மாமாவும் ஒற்றுமையாகச் சிரிப்பது அந்த ஒரு விஷயத்தில்தான். மாலைக்குள் பலகைகள் அச்சுக்குப் போக வேண்டும். எதை எழுதினாலும் பதிவேட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அன்று வேலையில் இருந்த இரண்டு பேராவது சொல்ல வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு.

காலையிலேயே கரிமாமாவையும் சேர்த்து மூவரும் அங்கே போய்விட்டார்கள். உள்ளே நுழைந்ததும் அணைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சிவப்புத் தரையில் வெறுங்காலோடு நின்றார். முன்பெல்லாம் அந்தத் தரை பாதத்தோடு பேசும். எந்த மெஷின் ஓடுகிறது, எது தும்முகிறது என்று உள்ளங்காலிலேயே தெரியும். கீழேயிருந்து வரும் ரீங்காரம் நின்றால் ஊழியர் குடியிருப்பில் அத்தனை குழந்தைகளும் ஒரே நேரத்தில் விழித்து அழும். ஒன்பது மைல் தள்ளியிருந்த குழந்தைகள்கூட அழுததாக அணைக்காரர் சொல்லுவார். இன்று தரை பேசவில்லை. பித்தளை வளையம் போட்ட மீட்டர்கள் எல்லாம் முள்ளைக் கீழே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன. சூடான எண்ணெயும் ஈரச் சுவரும் கலந்த அந்த வாசனை மட்டும் இடத்தைக் காலி பண்ணாமல் இருந்தது. அவர் மூச்சை இழுத்து நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டார்.

மகள் சாய்வு மேசையில் தாள்களைப் பரப்பினாள்.

"அப்பா, உங்க பதிவேட்டுல அந்த நாள் பக்கத்தைக் கரையான் தின்னுடுச்சு."

"சரியா அந்தப் பக்கத்தை மட்டுமா? கரையானுக்கும் உங்க மாமாவுக்கும் ஏதோ உடன்படிக்கை இருக்கும்."

"அன்னிக்கு உங்ககூட ஷிப்டுல இருந்த எண்ணெய்க்காரர் தாத்தாவும் போயிட்டார். நீங்க ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஜோடனை இல்லாம சொல்லுங்க. அப்படியே எழுதிக்கறேன்."

அணைக்காரருக்கு, சட்டையைக் கழற்றச் சொன்ன மாதிரி இருந்தது. கரிமாமாவைப் பார்த்தார். அவர் ஜன்னல் வழியாக அணையை முதல்முறை பார்ப்பவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பகல் பன்னெண்டே கால்" என்று ஆரம்பித்தார் அணைக்காரர். "நாடு முழுக்க கரண்ட் போச்சு. ஒண்ணு விழுந்து, அது இழுத்து இன்னொண்ணு விழுந்து, எல்லா ஸ்டேஷனும் படுத்துடுச்சு. நாங்களும்தான். பேட்டரி ரூம்ல பழைய செல்லையெல்லாம் கழட்டிப் போட்டிருந்தாங்க, புதுசு வரல. எண்ணெய்க்காரர் கைபம்பு அடிச்சே மடையைத் திறந்தார். சக்கரம் சுத்துச்சு. ஆனா சுத்தினா மட்டும் கரண்ட் வந்துடாது. உள்ளே இருக்கற சுருளுக்கு முதல்ல ஒரு சொட்டு கரண்ட் காட்டணும், பாலுக்கு உறை குத்தற மாதிரி. அந்த ஒரு சொட்டுதான் எங்ககிட்ட இல்ல."

"அப்புறம்?"

"வாசல்ல சிமெண்ட் லாரி நின்னுச்சு. ரெண்டு பேட்டரியையும் கழட்டினோம். லாரிக்காரர் எங்க ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார். வயரை வெச்சேன். மூணு செகண்டு. முள்ளு எழுந்துச்சு. லைனைத் திறந்து மாமா ஸ்டேஷனுக்கு அனுப்பினேன். அதை வெச்சு அவங்க எழுந்தாங்க. அவங்க எழுந்ததும் நாடு எழுந்துச்சு."

"லாரி பேட்டரிதானே?"

"லாரி பேட்டரிதான்" என்றார், சொத்தை எழுதிக் கொடுப்பவர்போல.

மகள் எழுதவில்லை. ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். நிலக்கரி நிலையப் பதிவேட்டின் பக்கம் அது. கரிமாமாவின் குண்டு குண்டான கையெழுத்து. 'சொந்த டீசல் ஜெனரேட்டர் மூலம் மீண்டும் இயக்கப்பட்டது.'

"அவங்ககிட்டயே டீசல் ஜெனரேட்டர் இருந்திருக்கேப்பா. அதுலயே எழுந்துட்டாங்கன்னு எழுதியிருக்கு. உங்க கரண்ட் எதுக்கு அவங்களுக்கு?"

அணைக்காரர் அந்தக் குண்டு எழுத்தைப் பார்த்தார்.

அன்று கறுப்புத் தொலைபேசியில் வந்த குரல் காதுக்குள் கேட்டது. முப்பத்தோரு வருஷம் ஆகியும் நடுக்கம் மாறாத குரல். 'இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும் மாப்பிள்ளை, உன் கால்ல விழறேன்.' சரி என்று சொல்லியிருந்தார். சொந்தத் திருமணத்தில் சாம்பார் தீய்ந்ததிலிருந்து மேலதிகாரியின் பொய்ப்பல் வரை ஊருக்கெல்லாம் ஒலிபரப்பிய மனுஷர், இந்த ஒன்றை மட்டும் மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. இப்போது ஒரு வாக்கியம் சொன்னால் கதை சுவர் ஏறிவிடும். எண்ணெய்க்காரரின் கைபம்பும் கூடவே ஏறும்.

"என்னப்பா?"

"தெரியலம்மா. ஒருவேளை நான்தான் கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டேனோ என்னமோ. விட்டுடு. வேற பலகையைப் பார்ப்போம்."

மகள் திகைத்துப் போனாள். பிறந்ததிலிருந்து அப்பா ஒரு கதையைப் பாதியில் கீழே வைத்து அவள் பார்த்ததில்லை. தாளை மெல்ல மடித்தாள்.

"மடிக்காதே" என்றார் கரிமாமா, ஜன்னலிலிருந்து திரும்பாமலே. "மாப்பிள்ளை, நீ இப்படி வாயை மூடினா அது எனக்குத் தாங்காதுடா."

"மச்சான், வேண்டாம்."

"நீ சும்மா இரு. இத்தனை வருஷம் நீ பேசினே, நான் சிரிச்சேன். இன்னிக்கு நான் பேசறேன்." வந்து மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "ஜெனரேட்டர் இருந்துச்சும்மா. அதைக் கிளப்பற பேட்டரிதான் இல்ல. முதல் நாள் எங்க கிளப்புல விளையாட்டுப் போட்டி. நான்தான் செகரட்டரி. மைக் செட்டுக்கு வேணும்னு நானே கழட்டிக் கொடுத்தேன். மறுநாள் திருப்பி மாட்டிக்கலாம்னு நெனச்சேன். மறுநாள்தான் நாடே படுத்துடுச்சே."

"மாமா!"

"சுடச்சுட இருக்கற டர்பைன் ஷாஃப்ட்டைச் சுத்தாம அப்படியே விட்டா வளைஞ்சு போயிடும். இருபது பேர் மாத்தி மாத்தி கையாலயே திருப்பிக்கிட்டிருந்தோம். கை தோலெல்லாம் போச்சு. உங்கப்பாவுக்குப் போன் போட்டு அழுதேன். ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. 'லைனைத் திறக்கறேன், எடுத்துக்கோ மச்சான்'னார். அப்புறம் வேலை போயிடுமேன்னு பயந்து பதிவேட்டுல அப்படி எழுதிட்டேன். எழுதினதை நிஜமாக்கறதுக்காக இத்தனை வருஷமா இவரைப் பொய்யனாக்கிட்டேன்."



கரிமாமா படத்தை மகள் பக்கம் தள்ளினார். "நான் எழுதினதை அடிச்சுடு. இவர் சொன்னதை எழுது. ரெண்டாவது ஆளா என்னைப் போட்டுக்கோ. அந்த முனையில நான்தான் நின்னுக்கிட்டிருந்தேன். கரண்ட் இவர்கிட்டேருந்துதான் வந்துச்சு. நடந்தது நிஜம்."