நரேஷ் சொன்ன வார்த்தை

கணவர் லாயிட்டை அடக்கம் செய்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. சனிக்கிழமை மத்தியானம் பத்தாம் வகுப்பு மாதிரித் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த லவினா, வாசல் மணி கேட்டு எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். தாரணி நின்றிருந்தாள், நரேஷின் மனைவி. கையில் ஒரு பை, அதில் நாலைந்து சாத்துக்குடி.

உள்ளே வா என்று சொல்ல லவினாவுக்கு வாய் வரவில்லை. வழியை மட்டும் விட்டாள்.

நரேஷை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்தது லாயிட்தான். லாயிட் ஒயிட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பராமரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஏசி ரிப்பேருக்கு வந்த நரேஷ் ஒருநாள் காலையிலேயே குடித்துவிட்டு ஏணியிலிருந்து விழுந்தான். இவனை இனிமேல் உள்ளே விடாதீர்கள் என்றார்கள் எல்லோரும். லாயிட் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டு, அப்படியே காக்ஸ் டவுனில் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு போட்டார். அதன்பிறகு நரேஷ் வந்துகொண்டே இருந்தான். முதலில் சாப்பிட வந்தான். அப்புறம் லாயிட்டோடு பேச, அப்புறம் ஜெபத்துக்கு. இரண்டு வருஷத்தில் குடியை விட்டு ஞானஸ்நானமும் எடுத்தான். பாலக்கோட்டுப் பக்கம் அவன் சொந்தக்காரர்கள் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். தாரணி மாறவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுவாள். "அவரு குடியை விட்டாரு, எனக்கு அது போதும்க்கா. அவரு சாமி அவருக்கு, என் சாமி எனக்கு" என்பாள்.

போன ஜூனில் லாயிட்டுக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தது. ஆகஸ்டில் வீட்டில் ஜெபக் கூட்டம் வைத்தார்கள். நரேஷ் லாயிட்டின் தலையில் கைவைத்து நெடுநேரம் கண்மூடி நின்றான். பிறகு நிமிர்ந்து லவினாவைப் பார்த்து, "கர்த்தர் எனக்குச் சொல்றாருக்கா. அண்ணன் பிழைச்சுக்குவாரு" என்றான். வந்திருந்தவர்கள் ஆமென் என்றார்கள்.

அந்த வார்த்தையை லவினா இறுகப் பிடித்துக்கொண்டாள். டிசம்பரில் டாக்டர் இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொன்னபோதும் அவள் விடவில்லை. ஜனவரியில் ஒரு சாயங்காலம் லாயிட் கட்டிலில் சாய்ந்தபடி, "லவினா, இங்க வந்து உக்காரு. நான் போனப்புறம்..." என்று ஆரம்பித்தார்.

"அப்படிப் பேசாதீங்க. விசுவாசமாப் பேசுங்க" என்றாள்.

ஒரு வாரம் கழித்து மறுபடி முயன்றார். அன்றும் அதையே சொன்னாள். மூன்றாவது தடவை அவர் வாயெடுத்ததும் எழுந்து சமையலறைக்குப் போய் மிக்ஸியைப் போட்டாள். ஜாரில் ஒன்றும் இருக்கவில்லை. அதற்குப் பிறகு லாயிட் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை காலை, அவள் மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அடக்க ஆராதனைக்கு முந்நூறு பேர் வந்தார்கள். நரேஷ் வரவில்லை.

அன்றிலிருந்து அவள் தலைக்குள் எதுவும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கர்த்தர் சொன்னாரா? சொல்லிவிட்டு மாற்றிக்கொண்டாரா? நரேஷ் பொய் சொன்னானா? அவன் பொய் சொல்கிறவன் இல்லையே. அப்படியானால் தன் விசுவாசம்தான் போதாமல் போயிற்றா? நாத்தனார் அதைச் சொல்லாமல் சொல்லிவிட்டுத்தான் போனாள். சபை ஆயர் இரண்டு முறை வந்து ஜெபித்துவிட்டுப் போனார். அவரிடம் இதைக் கேட்க வெட்கமாக இருந்தது. இருபது வருஷம் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவள் கேட்கிற கேள்வியா இது? ஞாயிறு பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டாள். ஆராதனையில் உதடு மட்டும் அசைந்தது. மகள் நோரா, பிகாம் இரண்டாம் வருஷம், கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். "நாம என்ன தப்பு பண்ணோம், மம்மி?" என்று ஒரே ஒருநாள் கேட்டாள். லவினாவும் தனக்குள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தாரணி சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அவரு வேலைக்குப் போறதில்லக்கா. சரியா சாப்பிடறதில்ல. வேதப் புத்தகத்தைத் துணியில சுத்தி பீரோ மேல போட்டுட்டாரு. காலையில எழுந்தா சுவரையே பார்த்துக்கினு இருக்காரு. திரும்பக் குடிக்க ஆரம்பிச்சுடுவாரோன்னு பயமா இருக்கு. நீங்க வந்து ஒரு வார்த்தை பேசணும்."

"நான் என்ன பேசறது தாரணி? பேச வேண்டியவன் அவன். சாவுக்குக்கூட எட்டிப் பார்க்கல."

"வந்தாருக்கா. கோயில் கேட்டு வரைக்கும் வந்தாரு. உங்களைத் தூரத்துல பார்த்துட்டுத் திரும்பிட்டாரு."

இதைக் கேட்டதும் லவினாவுக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் இருந்தவளுக்கு இப்போது ஓர் ஆள் கிடைத்தது போலிருந்தது. "இரு, வரேன்" என்று எழுந்தாள்.

உள்ளறையிலிருந்து நோரா எட்டிப் பார்த்தாள். "எங்க போறீங்க?"

"நரேஷ் அங்கிளைப் பார்க்க."

"எதுக்கு?"

"தெரியல" என்றாள் லவினா. கோபம் இருந்ததே தவிர, போய் என்ன செய்யப்போகிறோம் என்பது நிஜமாகவே தெரியவில்லை.

ஆட்டோ அல்சூர் ஏரியைச் சுற்றிக்கொண்டு ஜோகுபாளையத்துக்குள் நுழைந்தது. போகும் வழியெல்லாம் கேட்க வேண்டியதை மனத்துக்குள் கோத்துக்கொண்டே வந்தாள். நரேஷ் குடியிருந்தது மாடியில், ஒரே அறை. படிக்கட்டுத் திருப்பத்தில் பழைய கம்ப்ரசர்கள் கிடந்தன. தாரணி உள்ளே போனதும் மூலையிலிருந்த அடுப்பைப் பற்றவைத்தாள். நரேஷ் பாயில் உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்து கன்னம் ஒட்டிப்போயிருந்தது. லவினாவைக் கண்டதும் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான். பயந்தவன் அப்படித்தான் நிற்பான்.

"உக்காரு" என்றாள். தானும் எதிரே தரையில் உட்கார்ந்தாள். கோத்து வைத்ததில் ஒரே ஒரு கேள்விதான் நினைவுக்கு வந்தது. "ஏன் அப்படிச் சொன்ன?"

அவன் மெல்லப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"கர்த்தர் சொன்னாருன்னுதான் நெனச்சேன்க்கா. நெஜமாவே கேட்ட மாதிரிதான் இருந்துச்சு. இப்ப யோசிச்சா ஒண்ணும் புரியல. எனக்குள்ள நானே பேசிக்கினேனா என்னன்னு தெரியல. அண்ணன் இல்லாட்டி நான் என்ன ஆவேன்னு பயம். அந்தப் பயம்தான் பேசிச்சோ என்னவோ."

"உன் வார்த்தையை நம்பி நான் அவரைப் பேசவே விடல, நரேஷ். மூணு தடவை என்கிட்ட பேச வந்தார். மூணு தடவையும் வாயை அடைச்சேன். என்ன சொல்ல வந்தார்னு இனிமே எனக்குத் தெரியவே தெரியாது."

இதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவன் தலையில் பழியைச் சுமத்துவதற்காகத்தான் ஆரம்பித்தாள். சொல்லி முடித்தபோது அது அவனுடையதாக இருக்கவில்லை.

"நீ ஒரு தடவைதான் சொன்ன" என்றாள் மெதுவாக. "நான்தான் தினம் தினம் சொல்லிக்கிட்டேன். டாக்டர் சொன்னது என் காதுல விழாமலா இருந்துச்சு? விழுந்துச்சு. எனக்கு அது வேண்டாம். உன்னோடது வேணும்னு இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன்."

நரேஷ் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு அழுதான். தாரணி அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு அங்கேயே நின்றாள். லவினாவுக்கு அழுகை வரவில்லை. அவனைத் தொட்டுத் தேற்றுவதா, எழுந்து போய்விடுவதா என்று தெரியாமல் இருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றான் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அண்ணன் இப்ப எங்க இருக்காரு?"

இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு அவள் சொல்லிக்கொடுத்த பதில் இருந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் இது வகுப்பு இல்லை. நரேஷ் அவளைச் சோதிக்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"கர்த்தர்கிட்ட இருக்கார்" என்றாள்.

சொன்னதும் திடுக்கிட்டாள். இதுவும் அவன் சொன்ன மாதிரி ஒரு வார்த்தைதானா? வேண்டும் என்பதற்காகச் சொன்னதா? அவள் தனக்குள் தேடிப் பார்த்தாள். இந்த மூன்று வாரத்தில் எத்தனையோ அவளை விட்டு உதிர்ந்துவிட்டன. குணமாகும் என்றது போயிற்று. கேட்டால் கிடைக்கும் என்றது போயிற்று. இது மட்டும் போகாமல் அங்கேயே கிடந்தது. இயேசுவும் ஒரு வெள்ளிக்கிழமை சிலுவையில் ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கதறியவர்தான். அன்றைக்கு அவருக்கு மேலிருந்து ஒரு பதிலும் வரவில்லை. வருஷா வருஷம் அந்தப் பாடத்தை எடுத்திருக்கிறாள். படம் வரைந்து, வண்ணம் தீட்டச் சொல்லி எடுத்திருக்கிறாள். பதில் வராமல் கதறியவர் ஒருவர் தன் பக்கத்தில் இருக்கிறார் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. இப்போது தோன்றியது. அதை நம்பலாமா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் தனியாக இருந்தது போன்ற அந்த உணர்வு கொஞ்சம் விலகியது.

"எப்படிக்கா தெரியும்?" என்றான் நரேஷ்.

"யாரும் என் காதுல வந்து சொல்லல. ஏன் குணமாக்கலன்னு கேட்டா எனக்குத் தெரியாது. ஆனா சாவுக்குள்ள போய்ட்டு வந்தவர் இயேசு. லாயிட்டை அங்க விட்டுட்டு வந்திருக்க மாட்டார். எனக்கு அவ்வளவுதான் தெரியுது."

"எனக்கு ஜெபமே வரமாட்டேங்குதுக்கா."

"எனக்கும்தான் வரல. மனப்பாடமா இருக்கறதையாவது சொல்லுவோம்."

இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தை இரண்டு பேரும் ஆரம்பித்தார்கள். தேவனுடைய சித்தம் நடக்கட்டும் என்கிற இடம் வந்ததும் லவினாவின் குரல் நின்றது. நரேஷும் நிறுத்திவிட்டான். சித்தம் என்றால் என்ன, லாயிட் போனதுதானா என்று இருந்தது அவளுக்கு. சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் எழவும் முடியவில்லை. கீழே யாரோ ஒருவர் கிளம்பாத வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது அடுப்படியிலிருந்து தாரணி, நின்ற இடத்திலேயே, விட்ட வரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். கையில் கரண்டி இருந்தது. ஓரிரு வார்த்தைகள் தப்பாகத்தான் வந்தன. அவள் நிற்கவில்லை. பாதியில் நரேஷ் சேர்ந்துகொண்டான். கடைசி வரிகளில் லவினாவும் சேர்ந்துகொண்டாள். ஆமென் என்று மூன்று பேரும் முடித்தார்கள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் லவினா.

"ஆறு வருஷமா தினமும் காதுல விழுதே" என்றாள் தாரணி. "பாதியில நிறுத்தினா எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சுக்கா. அதான்."

லவினாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலும் கல்லறையிலும் வராத அழுகை, சாம்பார் கொதிக்கிற அந்த அறையில் வந்தது. தாரணி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு தட்டு வைத்தாள். லவினா அங்கேயே சாப்பிட்டாள். அவள் சாப்பிடுவதைப் பார்த்து நரேஷும் சாப்பிட்டான். இரண்டாவது தடவை சோறு கேட்டான்.

படியிறங்கும்போது, "நாளைக்குக் கோயிலுக்கு வா" என்றாள் அவனிடம்.

"என்னைப் பார்த்தா எல்லாரும் என்ன நெனப்பாங்கக்கா?"

"என்னைப் பார்த்தும் ஏதோ நெனச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. வா."

மறுநாள் காலை புடவை கட்டிக்கொண்டிருந்தபோது நோரா கதவோரம் வந்து நின்றாள்.

"அங்கிள்கிட்ட பேசினீங்களே, இப்ப உங்களுக்குப் புரிஞ்சிருச்சா?"

"இல்லம்மா. குழப்பமாத்தான் இருக்கு."

"அப்ப எதுக்குப் போறீங்க?"

பெண்ணிடம் பொய் சொல்லக் கூடாது என்று இருந்தது லவினாவுக்கு.

"டாடி கர்த்தர்கிட்ட இருக்கார்னு நம்பறேன். அவரை வெச்சிருக்கறவர்கிட்டயே போய் உக்காந்திருக்கலாம்னு தோணுது. வேற எங்க போனாலும் எனக்குத் தாங்கல."

நோரா உள்ளே போய் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வந்தாள். "கொண்டுபோய் விடறேன். உள்ள வரமாட்டேன்."

"சரி."

"வெளியில நிப்பேன்."

"சரிம்மா."

கோயிலில் ஆராதனை ஆரம்பமாகியிருந்தது. முன்னால் மூன்றாவது வரிசையில் அவளுக்கும் லாயிட்டுக்கும் வழக்கமான இடம் காலியாக இருந்தது. நரேஷ் கடைசி வரிசையில், தாடியை மழித்துக்கொண்டு, தலைகுனிந்து தனியாக உட்கார்ந்திருந்தான். லவினா முன்னால் போகவில்லை. அவனைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு அந்த வரிசையிலேயே உட்கார்ந்தாள்.