அம்சவேணி தராத பூ

ஆறு நாளாகத் தலையில் சீப்பு படவில்லை. எண்ணெய் கிடையாது. குளிக்கலாம், ஆனால் முடியை அள்ளி முடியக் கூடாது. எங்கள் ஊர் பாரதக் கூத்தில் பாஞ்சாலி வேஷம் கட்டுகிறவனுக்கு இதுதான் விதி. சூதாட்டத்து அன்றைக்குத் துச்சாதனன் மயிரைப் பிடித்து இழுத்ததிலிருந்து, படுகளத்தில் துரியோதனன் சாகிற வரைக்கும் தலைவிரி கோலம்தான். இதற்காக நான்கு மாதம் முடி வளர்க்க வேண்டும். சித்தூர் மாங்கூழ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர் என் தலையையும் லீவு லெட்டரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சீசன்ல பதினெட்டு நாளா?" என்றார். திருவிழா அவர் சீசன் பார்த்தா வரும்?

இவ்வளவு பாடுபட்டு ஆடினால் பார்க்கிறவர்களாவது ஒழுங்கா? பாதிப் பேர் பெங்களூரிலிருந்து இரண்டு நாள் லீவில் வந்த பிள்ளைகள். செல்போனில் படம் பிடித்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். முன்வரிசையில் இருப்பவர்கள் கொட்டாவி விடுவதற்கென்றே வருகிறவர்கள். சூதாட்டக் கூத்தில் பாஞ்சாலி சபையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பாள். "தன்னையே தோற்றவன் என்னை வைத்து ஆடலாமா? என்னை ஒரு வார்த்தை கேட்டானா? பெரியவர்களே, சொல்லுங்கள்." இருபது வருஷமாகத் தொண்டை கிழியக் கேட்கிறேன். ஒருத்தனும் நிமிர்ந்து பார்த்ததில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று நானும் விட்டுவிட்டேன். என் தங்கை அம்சவேணி கேட்டுக்கொண்டிருந்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

படுகளம் ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்கு முன்னால் வெட்டவெளியில் துரியோதனன் மல்லாந்து கிடந்தான். நாற்பது அடி மண் பொம்மை. தொடைக்குள் செந்தூரம் கரைத்த பானை. பீமன் வேஷம் கட்டிய வெங்கடசாமி வாத்தியார் கதாயுதத்தால் ஓங்கி அடித்தார். பானை உடைந்து சிவப்பாக ஓடியது. நான் அதைத் தொட்டுத் தலையில் தடவிக்கொண்டு உட்கார்ந்தேன். இனி ஒரே வேலைதான். பாஞ்சாலி வேஷக்காரனுடைய கூடப்பிறந்தவள் வந்து எண்ணெய் வைத்து, முடிந்து, பூச்சூட்ட வேண்டும். பிறந்த வீட்டுப் பூ என்பார்கள். அது வைத்தால்தான் தீமிதி. தீமிதி முடிந்தால்தான் கொடி இறங்கும்.

அம்சவேணி தட்டோடு வந்தாள். எனக்கு மூன்று அடி முன்னால் நின்றாள். நின்றவள் நின்றவள்தான்.

மேளக்காரர் இரண்டு தரம் அடித்து ஓய்ந்தார். மே மாத வெயில். அரிதாரம் கரைந்து கண்ணுக்குள் போனது.

"பூவை வெய்மே," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"வெக்க மாட்டேன்."

"இன்னாது?"

"அன்னிக்கு சபையில நின்னுக்கினு கேட்டியேண்ணா, என்னை ஒரு வார்த்தை கேட்டானான்னு. கேட்டுக்கினே அழுதியே. எனக்கும் அழுவ வந்துச்சி. அன்னிக்கு விடிஞ்சதும் என் நெலத்துக்குக் காயிதத்துல சந்தகம் போட்டியாமே? உன் மச்சான் நேத்து போன்ல சொல்லுது. ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

கையெழுத்துப் போட்டது உண்மைதான்.

எங்கள் ஆட்களுக்கு நிலம் என்று ஒன்று வந்ததே கவர்மெண்டு கொடுத்த பட்டாவில்தான். ஆளுக்கு ஒன்றரை ஏக்கர், எல்லாம் பெண்கள் பேரில். ஆம்பிளை பேரில் கொடுத்தால் குடித்தே தீர்ப்பான் என்று எந்த ஆபீசர் நினைத்தாரோ, அவருக்குக் கோயில் கட்டலாம். அந்தக் கரம்பைத் திருத்திக் கடலை போட்டு, நாலு மாமரமும் வைத்தது அம்சவேணி. அவள் புருஷன் உமாபதி பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தான். இப்போது பெரிய கம்பெனி வருகிறது, நிலம் கொடுத்தால் வீட்டுக்கு ஒரு வேலை என்று திருப்பதியிலிருந்து ஒரு ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். எங்கள் தர்மகர்த்தா ஏகாம்பரம் அதைப் பிடித்துக்கொண்டார். உமாபதி வந்து சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டான். பெண்ணைக் கேட்டாயிற்று என்று அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒருவன் சாட்சி போட வேண்டுமாம். சூதாட்டக் கூத்து முடிந்த விடியலில் ஏகாம்பரம் வேஷம் கட்டும் கொட்டகைக்கே காகிதத்தைக் கொண்டுவந்தார். "வாச்மேன் வேலை ஒண்ணு உனுக்கும் சொல்லி வெச்சிக் கீறேன்," என்றார். நான் சேலையைக்கூட அவிழ்க்கவில்லை. வளையல் குலுங்கக் கையெழுத்துப் போட்டேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பது என்னை வைத்துச் சொன்னதுதான்.

"எம்மா வேணி," என்று ஏகாம்பரம் வந்தார். "குண்டத்துல புளியங்கட்டை எரிஞ்சிக்கினு கீது. வீட்டு வழக்கை வீட்ல பேசிக்கோ. பூவை வெச்சுட்டுப் போ."

"வீட்ல எங்க பேசறது? வீட்டாளுங்கதான் போட்டுட்டாங்களே."

"அப்ப வேற யாராச்சும் வெய்ங்கம்மா! தங்கச்சி மொறைல எவ்ளோ பேரு கீறீங்க!"

பெண்கள் பக்கம் பார்த்தார். ஒருத்தியும் அசையவில்லை. ரத்னம்மா, வயசில் எல்லோருக்கும் பெரியவள், மெதுவாக நடந்து வந்து துரியோதனன் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டாள். "ஏம்பா ஏகாம்பரம், என் நெலத்துக்கு ஆரு போட்டாங்க?" என்றாள்.

அவருக்கு வந்ததே கோபம். கோபத்தில் வாயை அடக்கிப் பழக்கமில்லாத மனுஷன். "இன்னா நீங்க வெளையாடறீங்களா? நாளைக்குக் கடைசி நாளு! கொடி எறங்காம நான் எப்பிடி எல்லை தாண்டி சித்தூர் போவேன்?" என்று கத்தி, கையைத் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு இருந்தது. காப்புக் கட்டினவர் கொடி இறங்குகிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அடுத்த சாவு அந்த வீட்டில் என்று நம்புகிற ஊர் இது. நாளைக்குள் சித்தூரில் கொடுக்க வேண்டிய நிலக் காகிதம் எல்லாம் அவர் பீரோவில்.

பூ வைக்காவிட்டால் காகிதம் ஊரைத் தாண்டாது என்கிற கணக்கு அதுவரைக்கும் யாருக்கும் உறைத்திருக்கவில்லை. அவரே சொல்லிக் கொடுத்துவிட்டார். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து ரத்னம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

அப்புறம் நடந்தது சந்தைக்கடை. புருஷன்மார் ஒரு பக்கம், பொண்டாட்டிமார் ஒரு பக்கம். "சாமி குத்தம் ஆயிடும்" என்று ஒருவன். "சாமிக்கே நெலம் இருந்தா நீ வித்திருப்ப" என்று அவன் மாமியார். நான் நடுவில் தலைவிரி கோலமாக, பேன் எடுக்க உட்கார்ந்த பெண்ணைப் போல. எழுந்திருக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. எனக்கு எல்லோர் மேலும் எரிச்சல். அம்சவேணி மேல் அதிகம். நேற்றே வீட்டில் கேட்டிருக்கக் கூடாதா? கேட்டால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது வேறு விஷயம்.

கடைசியில் வேறு வழியில்லாமல் ஏகாம்பரம் காகிதங்களைக் கொண்டுவந்தார். பதினொரு பத்திரம், எல்லாம் தெலுங்கில். வெங்கடசாமி வாத்தியார் கதாயுதத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மீசை மையோடு ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் சொன்னார். பட்டாக்காரி பேர், சம்மதம் என்று போட்டவன் பேர், சாட்சி பேர். பேர் வந்ததும் அவளையே கேட்டார்: "உனக்குச் சம்மதமா?"

ரத்னம்மா சம்மதம் என்றாள். எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது. "என்துல தண்ணி கிடையாது. போவட்டும். ஆனா வேலை என் பேத்திக்கு, பையனுக்கு இல்ல. அதை எழுதிக்கினு வா, கைநாட்டு நானே வெக்கறேன்." இரண்டு பேர் முடியாது என்றார்கள். ஒருத்தி புருஷனைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். வாத்தியார் விடவில்லை. "அவரைப் பார்க்காதம்மா, பட்டாவுல அவரு பேரு இல்ல," என்றார். அவளும் முடியாது என்றாள். பெயருக்குப் பெயர் சண்டை. குண்டத்தில் கட்டை எரிந்து தணலாகி, மேலே சாம்பல் பூத்தது. மறுபடி கட்டை போட்டார்கள்.

பதினொன்றாவது பத்திரம். அம்சவேணி, ஒன்றரை ஏக்கர். சம்மதம், உமாபதி. வாத்தியார் அங்கேயே நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"சாட்சி தணிகாசலம்," என்று நானே சொன்னேன். "அவளை நான் கேக்கலை. கேட்டேன்னு பொய் சந்தகம் போட்டேன்."

இருபது வருஷத்தில் முன்வரிசை முதல்முறையாக என்னைப் பார்த்தது.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பாஞ்சாலி சேலையில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொன்னேன் என்பது இன்னும் கேவலம். ஆனாலும் சொன்ன பிறகு கேட்டுத்தானே ஆக வேண்டும்?

"வேணி, உன் நெலத்தைக் குடுக்கட்டுமா, வேணாமா? சொல்லு."

அவள் தட்டைத் தரையில் வைத்தாள். பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"யோசிச்சிச் சொல்றேன்."

"இன்னாது யோசிக்கறது! நாளைக்குக் கடைசி நாளுமே!"

"தெரியும்ண்ணா. அது உங்க கடைசி நாளு. என்னை இப்பதான் கேட்டுக் கீற."

ஏகாம்பரம் தலையில் கைவைத்துக்கொண்டார். மேளக்காரர் டீ குடிக்கப் போனார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவளைப் போன்றவளுக்காக இருபது வருஷம் சபையில் கத்தியவன் நான். அவள் என்ன சொல்வாள் என்று காத்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.