நாலாவது அறை

ஆளுயர டபுள் பேஸ் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு இருபது வருஷமாக அலைகிற மகனுக்கு அம்மா வைத்த பெயர் ‘பீரோக்காரன்’. சாக்ஸபோன் ஊதும் மருமகன்தான் அவளுக்கு உசத்தி. இன்றைக்கு ஆல்பம் வெளியீடு. பீரோக்காரன் அம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்து முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தான். தன் வாசிப்பைக் கேட்டுவிட்டு, பரவாயில்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாற்பது வயதில் இப்படியொரு ஆசை; வெட்கக்கேடுதான், என்ன செய்வது.

நான்கு பேர் கொண்ட ஜாஸ் குழுவுக்கு அக்காள் புருஷன்தான் தலைவர். ஆல்பத்தின் ஒலிப்பதிவுக்குப் பரிசோதனை என்று அவர் ஒரு விதி போட்டார். நாலு பேரும் நாலு அறைகளில் கதவைச் சாத்திக்கொண்டு, கடிகாரத்தை மட்டும் பார்த்து வாசிக்க வேண்டும். அடுத்தவர் வாசிப்பது காதில் விழக் கூடாது. பதிவானதை வெளியீட்டுக்கு முன் தலைவரைத் தவிர யாரும் கேட்கவும் கூடாது. பீரோக்காரன் மூன்று நாள் விரல் கொப்பளிக்க வாசித்தான்.

இசைத்தட்டுக் கடையின் மாடியில் ஆல்பம் ஓடத் தொடங்கியது. பியானோ வந்தது, டிரம்ஸ் வந்தது, சாக்ஸபோன் கத்தித் தீர்த்தது.

“இதுல எதுடா உன்னுது?” என்றாள் அம்மா.

“இரும்மா, இப்ப வரும்.”

நாற்பது நிமிஷமும் வரவில்லை.

தலைவர் மைக்கைப் பிடித்தார். “நாலாவது அறையில மைக் வயரைச் சொருகவே மறந்துட்டோம். மூணு நாளும் யாருக்கும் தெரியல. அப்புறம் போட்டுக் கேட்டா, பேஸ் இல்லாமலே பிரமாதமா இருக்கு. அப்படியே விட்டுட்டோம்.”

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. அம்மாவும் தட்டினாள்.

அவன் எழுந்து போய்த் தலைவர் பக்கத்தில் நின்றான். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தான்.”

“சொன்னா திரும்ப வாசிக்கறேன்னு ஒத்தக்கால்ல நிப்ப மச்சான். அடுத்த வாரம் கச்சேரி இருக்கு. பேஸைப் பிடிச்சுக்கிட்டு சும்மா நில்லு, அது போதும். கம்பியை மட்டும் தொட்டுடாத.”

பீரோக்காரன் அம்மாவைப் பார்த்தான். அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, நாலு பேர் காதில் விழும்படி சொன்னாள்.

“மாப்பிள்ளை சொல்றதைக் கேளுடா. சும்மா நிக்கறதுக்கு உனக்குச் சொல்லியா தரணும்?”

முதல் வரிசையே சிரித்தது. அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

“எத்தனை மணிக்கு வரணும் அத்தான்?” என்றான்.